அளவு நம்முடையதாகட்டும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

உடலுக்குப் பொருந்தாத பெரிய சட்டைகளைப் பிரித்து, வெட்டி, நம் அளவுக்குத் திருத்தித் தைத்துக்கொள்வது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். வெள்ளி விழா மேடையில் பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். கல்விக் கழகத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடும். உறவு உண்டு. ஊசி பிடிக்கக் கற்பதும் கல்வியே. நம் மக்களின் வரலாற்றில் உடை என்பது வெறும் துணியாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே அவ்வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

பழந்துணி உடுத்துவது நமக்கு ஒரு சட்டமாக விதிக்கப்பட்டிருந்தது. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் இறந்தவர்களின் ஆடையே சண்டாளர்க்கு ஆடை என்று கட்டளையிடுகிறது. உழைக்கும் சூத்திரனுக்கு எஞ்சிய சோற்றையும் கிழிந்த பழந்துணியையும் கொடுக்கலாம் என்று அதே அத்தியாயம் கூறுகிறது. எழுதிவைத்த காலம் பழையது. எனினும் நடைமுறை நெடுங்காலம் நீடித்தது. பண்ணை வீட்டுப் பழஞ்சட்டையைப் பண்டிகை நாளில் கைநீட்டி வாங்கிய தலைமுறையினர் இன்றும் நம்மிடையே முதியோராக இருக்கின்றனர்.

பழந்துணியைக் கொடுத்தவர்கள் நல்ல துணியை உடுத்தவிடவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தக் கூடாது. கோட்டும் சட்டையும் பனியனும் அணியக் கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் தீக்கிரையாயின. 1931 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்ற ஆங்கிலேயர் சாதி பற்றிய தம் நூலில் இத்தடைகளைப் பட்டியலாகவே எழுதி வைத்திருக்கிறார். தோழர்களே, இன்று நாம் எண்ணாமல் எடுத்து மாட்டிக்கொள்ளும் இந்தச் சட்டை, நம் பாட்டன்மார் காலத்தில் அடிபட்டும் வீடிழந்தும் பெற வேண்டிய பொருளாக இருந்தது.

இம்மலைக்கு மேற்கேயும் கதை அதுவே. திருவிதாங்கூரில் 1822 இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. அய்யன்காளியின் தலைமையில் எழுச்சி பெற்ற புலையர் குலப் பெண்கள், அடிமைக்கு அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை 1915 இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அறுத்தெறிந்து இரவிக்கை அணிந்தார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் மனுநூலை எரித்த செய்தியை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அம்மாநாட்டிலேயே அவர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசிய செய்தியை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்ன சாதியார் என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும் வகையில் சேலை கட்டுவதையும், கனத்த மலிவு நகைகளை அணிவதையும் விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். நூலை எரித்ததும் சேலைக் கட்டை மாற்றச் சொன்னதும் ஒரே வேலையின் இரு பகுதிகள். நம் தெருமுனைகளில் அண்ணலின் சிலை கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து நிற்பதன் பொருளும் அதுவே. அக்கோட்டு அவர் தோளுக்குச் சரியாகப் பொருந்தியிருப்பதை நோக்குங்கள்.

இவ்வளவும் அறிந்த ஓர் இளைஞர் எழுந்து நம்மைக் கேட்கலாம்: பழந்துணியிலிருந்து விடுபடத்தானே நம் முன்னோர் இத்தனை பாடுபட்டார்கள்? மறுபடியும் பழஞ்சட்டையைத் தைத்து உடுத்தச் சொல்வது நம்மைப் பின்னுக்கு இழுப்பது ஆகாதா?

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை சொல்லாமல் ஊசியை எடுக்க நமக்கு உரிமை இல்லை. நம் விடை இது: இழிவு துணியின் வயதில் இல்லை, அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியில் இருந்தது. கொடுத்தவன் அளவு பார்க்கவில்லை. வாங்கியவனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே உடுத்தி, கொடுத்தவன் கண்முன் நடமாட வேண்டும் என்பதே அன்றைய முறை. தோள் சரிந்து, கை நீண்டு, தொங்கித் தொளதொளத்த அந்தச் சட்டை, “இது இவனுடையது அன்று” என்று ஊருக்கே அறிவித்தது. இன்று நாம் சொல்வது வேறு. உழைத்த காசில் நாமே தேர்ந்து வாங்குகிறோம், நாமே அளக்கிறோம், நாமே வெட்டுகிறோம், நம் உடலுக்கு ஏற்ப நாமே தைக்கிறோம். அவ்வாறு தைத்த சட்டையில் பழைய உரிமையாளனின் அடையாளம் எதுவும் எஞ்சுவதில்லை.

பழந்துணியின் இழிவும் அதிலிருந்து மீளும் வழியும் நம் நாட்டில் மட்டும் காணப்படுவன அல்ல. மேற்கு நாடுகளில் கழித்துக் கட்டப்பட்ட துணிகள் மூட்டை மூட்டையாக ஆப்பிரிக்கக் கண்டத்தில் இறங்குகின்றன. கானா நாட்டின் அக்ரா நகரில் கண்டமாண்டோ என்ற பெருஞ்சந்தை உண்டு. அங்கே பழந்துணிக்கு வழங்கும் பெயருக்கு “இறந்துபோன வெள்ளையனின் துணி” என்பது பொருள். மனுநூலின் வாசகம் நினைவுக்கு வருகிறதன்றோ? ஆயினும் அச்சந்தையில் தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்து, பருத்த உடலுக்குத் தைத்த சட்டைகளைப் பிரித்து, அந்நாட்டு இளைஞர்க்கு ஏற்ற அளவில் மாற்றித் தைத்து விற்கிறார்கள். 2025 சனவரியில் நேர்ந்த பெருந்தீயில் அச்சந்தையின் பெரும்பகுதி எரிந்தது. எனினும் அத்தொழிலாளர் மீண்டும் கடை எழுப்பினர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941 இல் துணிக்குப் பங்கீடு வந்தது. பழையதைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள் என்று அவ்வரசே கையேடு அச்சிட்டு வழங்கியது. அதை யாரும் இழிவென்று சொல்லவில்லை. செல்வர் செய்தால் சிக்கனம் என்றும் ஏழை செய்தால் வறுமை என்றும் பெயரிடும் வழக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை.

இனி நம் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். பண்ணைப்புரம் என்றவுடன் பாவலர் வரதராசனும் இளையராஜாவும் பிறந்த ஊர் என்று உலகம் சொல்லும். அப்பெருமை நமக்கும் உண்டு. ஆனால் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்த இவ்வூரின் விடியற்காலையை அறிந்தவர்க்கு மற்றொரு காட்சியும் தெரியும். பொழுது புலருமுன் சோற்றுத் தூக்குடன் புறப்படும் பெண்கள், ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் உடையைக் கவனித்திருக்கிறீர்களா? சேலைக்குமேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. கணவனுடையதாகவோ அண்ணனுடையதாகவோ சந்தையில் வாங்கியதாகவோ இருக்கும். குளிரையும் கொசுவையும் அட்டைக் கடியையும் இலை உரசும் அரிப்பையும் அது தடுக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் நாற்று நடும் வயல்களிலும் பெண்களின் வேலையுடை அதுதான்.

ஆனால் அச்சட்டை அவர்களுக்காகத் தைக்கப்பட்டது அன்று. கை நீளம் மிகுதி. மடித்துவிட்டால் அவிழ்ந்து விழும். ஏலச்செடியின் தூரில் குனிந்து பழம் பறிக்கையில் ஈரத்தில் தோய்ந்து கனக்கும். தோள் சரிந்து கையை உயர்த்தவிடாது. அகன்ற வாய் செடியில் மாட்டும். கூலியையும் சிறு பொருள்களையும் வைத்துக்கொள்ள ஏற்ற இடத்தில் பை இருப்பதில்லை. நாள் முழுதும் உழைக்கும் தாயின் உடலைப் பொருந்தாத சட்டை ஒன்று இப்படித் தொல்லைப்படுத்துகிறது. ஒரு மணி நேரத் தையல் வேலையில் இது தீரும். தீர்க்கத் தெரிந்தவர் நம் தெருவில் ஒருவர்கூட இல்லாதிருப்பது குறையன்றோ?

பள்ளிச் சீருடையும் அப்படியே. 1985 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் பிள்ளைகள் பலரைப் பள்ளியில் இருத்திய நல்ல திட்டங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் பொது அளவில் தைத்த உடை எல்லார் உடலுக்கும் பொருந்துவதில்லை. வளரும் பிள்ளைதானே என்று பெரியதையே வாங்கி மாட்டி அனுப்புகிறோம். கழுத்து அகன்று தோள் இறங்கிய சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கரும்பலகை முன் நிற்கும் பெண்பிள்ளையின் கூச்சம் நமக்குத் தெரிய வேண்டும். தலை நிமிர்ந்து விடை சொல்ல வேண்டிய பிள்ளை சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? வளர்ந்தபின் பிரித்துவிடத்தக்க ஒரு மடிப்பை உள்ளே தைத்துவிட்டால் இன்றும் பொருந்தும், அடுத்த ஆண்டும் உதவும்.

இப்போது வேலைக்கு வருவோம். தொடங்குபவர்க்குத் தேவையானவை சிலவே: ஒரு கத்தரிக்கோல், இஞ்சி டேப், சாக்பீஸ், குண்டூசி, ஊசி, சட்டையின் நிறத்துக்கு இசைந்த நூல், தையல் பிரிக்க ஒரு பழைய பிளேடு. தையல் இயந்திரம் இருந்தால் வேலை விரைந்து முடியும். இல்லாவிடினும் கையால் பின்தையல் போட்டுத் தைத்தால் தையல் உறுதியாகவே நிற்கும்.

முதலில் துணியைத் தேர்ந்தெடுங்கள். சந்தையில் வாங்குமுன் சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். காலர், முழங்கை, அக்குள் ஆகிய மூன்று இடங்களிலேயே சட்டை முதலில் நைந்துபோகும். முதுகும் முன்புறமும் கெட்டியாக இருந்தால் வாங்கலாம். பருத்தித் துணி தொடக்கக்காரரின் கைக்கு அடங்கும். வழுக்கும் துணி அடங்காது. வாங்கியதும் வெந்நீரில் சோப்பிட்டு அலசி, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபின்னரே அளக்க வேண்டும். சுருங்குவது முன்னரே சுருங்கிவிடும். ஓர் எச்சரிக்கை: பூச்சிமருந்து அடிக்கும்போது அணிந்த சட்டையை, எத்தனை முறை துவைத்திருந்தாலும், பிள்ளைகளின் உடையாக மாற்றாதீர்கள்.

அடுத்தது அளவு. அணிபவரின் மார்பில் டேப்பைச் சுற்றி அளந்து, அதனோடு மூச்சு விடவும் கை வீசவும் 5 அல்லது 6 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். மார்பு 34 அங்குலம் என்றால் சட்டையின் சுற்றளவு 40 அங்குலம் போதும். கையிலுள்ள சட்டையின் சுற்றளவு 48 அங்குலம் என்று கொள்வோம். குறைக்க வேண்டியது 8 அங்குலம். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். பக்கத்துக்கு 4 அங்குலம் என்று வெட்டிவிட்டுப் பிறகு கைபிசைகிறார்கள். சட்டைக்குப் பக்கங்கள் இரண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணி ஒன்று, பின்துணி ஒன்று. ஆக ஓரங்கள் நான்கு. 8 ஐ 4 ஆல் வகுத்தால் 2. ஒவ்வோர் ஓரத்திலும் 2 அங்குலம் உள்ளே தைத்தால் கணக்குச் சரியாகிவிடும். ஐந்தாம் வகுப்பில் படித்த வகுத்தல் இங்கே உடம்புக்கு உதவுகிறது.

தோள் ஓரளவு பொருந்துகிற சட்டையானால் வேலை எளிது. சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மேசைமேல் சமமாக விரியுங்கள். அணிபவருக்கு நன்றாகப் பொருந்தும் வேறொரு சட்டையை அதன்மேல் நடுக்கோடு பொருந்த வைத்து, கை முனையிலிருந்து அக்குள் வழியாகக் கீழ்விளிம்பு வரை ஒரே கோடாகச் சாக்பீஸால் வரையுங்கள். முன்னும் பின்னும் நழுவாதபடி குண்டூசி குத்துங்கள். கோட்டின்மேல் பெரிய பெரிய தையலாகக் கையால் ஓட்டிவிட்டு, ஒருமுறை அணிவித்துப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள். எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதியான பிறகே இறுதித் தையல். கத்தரி எல்லாவற்றுக்கும் பின்னரே வர வேண்டும். வெட்டும்போதும் தையலுக்கு வெளியே 1 அங்குலத் துணியை விட்டு வெட்டுங்கள். அக்குள் வளைவில் மட்டும் மிகுதித் துணியைக் குறைத்து, தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் இடுங்கள். இல்லையேல் அவ்விடம் சுருங்கி இழுக்கும். ஓரத்தில் நூல் பிரியாதபடி ஓவர்லாக் செய்யலாம்; அதற்கு வசதி இல்லையேல் கையால் சுற்றித் தைக்கலாம்.

தோளே மிகப் பெரிதானால் கைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்குமுன் எது வலக்கை, எது இடக்கை, எது முன்புறம் என்று நூலால் அடையாளம் இடுங்கள். தோள் எலும்பின் முனையிலிருந்து மறுமுனைவரை அளந்து, பொருந்தும் சட்டையை வைத்து வளைவை வரைந்து வெட்டுங்கள். கையின் மேல்வளைவையும் அதே சட்டையின் கையை வைத்து மாற்றி வரைய வேண்டும். கை வளைவின் உச்சிப் புள்ளியைத் தோள் தையலோடு முதலில் பொருத்திக் குண்டூசி குத்தி, அங்கிருந்து இரு பக்கமும் இறங்குங்கள். இவ்வேலை முதல் நாளிலேயே வராது. நான்காம் சட்டையில் வந்துவிடும்.

பிள்ளைகளுக்குத் தைப்போர் ஓர் உத்தியை அறிந்து வையுங்கள். புதியவர்க்குக் கடினமான வேலை பட்டன் பட்டி வைப்பதும் காஜா எடுப்பதும். பெரிய சட்டையில் இவ்விரண்டும் ஏற்கெனவே உள்ளன. பட்டன்களை மாட்டியபடியே சட்டையை மடித்து, அப்பட்டியே குழந்தைச் சட்டையின் நடுவாகும்படி வரைந்து வெட்டினால், கடினமான வேலை முழுவதும் மிச்சம். சட்டையின் பழைய கீழ்மடிப்பையே புதிய சட்டையின் கீழ்மடிப்பாக வைத்துக்கொள்ளலாம். வெட்டிய நீளக்கையில் ஒரு பையும், பள்ளிக்குப் பலகாரம் கொண்டுபோக ஒரு சுருக்குப்பையும் கிடைக்கும். காலர் மட்டும் நைந்த நல்ல சட்டை கிடைத்தால், காலரைப் பிரித்து மறுபுறம் திருப்பித் தைத்துவிடுங்கள். கழுத்தில் உரசாத புறம் மேலே வந்து, சட்டை இன்னும் பல மாதம் உழைக்கும். பழைய தையற்காரர்கள் எல்லாரும் அறிந்த வேலை இது.

தோட்ட வேலைக்குப் போகும் தாயின் சட்டைக்குக் கையை மணிக்கட்டு அளவுக்குக் குறைத்து, முனையில் எலாஸ்டிக் நுழைத்துத் தையுங்கள். நழுவாது, அட்டையும் எளிதில் நுழையாது. உட்புறத்தில் பட்டன் வைத்த ஒரு பை தையுங்கள். கூலிப் பணம் பத்திரமாக இருக்கும். பக்கத் தையலின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் அளவு திறந்து விடுங்கள். சேலைக்குமேல் அணிந்து குனிய எளிதாகும்.

இத்தொழிலை நம் இளைஞர் கற்க வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம்மவர் உடலைத் தொட்டு அளவெடுக்க மறுத்த தையற்கடைகள் இந்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தன. தீண்டாமையின் வடிவங்களைப் பட்டியலிட்ட ஆய்வுகளில் இதுவும் இடம்பெற்றுள்ளது. டேப்பின் ஒரு முனையைத் தன் கையில் பிடித்தவனே அளவைச் சொல்கிறான். அந்த முனை இனி நம் கையில் இருக்கட்டும். நம் பிள்ளைகளின் தோளை அன்போடு தொட்டு அளக்கும் கை நம் தெருவிலேயே இருக்கட்டும். யார் வந்தாலும், எத்தெருவிலிருந்து வந்தாலும், ஒரே டேப்பால் அளந்து ஒரே நேர்மையோடு தைத்துக் கொடுக்கும் கடையாக அது விளங்கட்டும்.

தையல் இயந்திரம் பிறப்புப் பார்த்து வேலை செய்வதில்லை. அமெரிக்காவில் 1846 இல் எலியாஸ் ஹோவும் 1851 இல் ஐசக் சிங்கரும் தத்தம் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். 1930 களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் உருவாயிற்று. அதன்பின் இந்நாட்டின் சிற்றூர்த் திண்ணைகள்தோறும் அவ்வோசை கேட்கலாயிற்று. மதுரைப் புதுமண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே, கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்படும் வரையில், இஸ்லாமியத் தையற்கலைஞர்கள் கோயில் விழாக்களுக்கான உடைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்தனர். கைத்திறன் மதத்தையும் சாதியையும் கடந்து நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் அரசு வறிய பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைச் சூட்டியிருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் சமுதாயத்தில் பிறந்து, 1967 இல் அண்ணா அமைச்சரவையிலும், 1979 இல் இந்திய அரசின் அமைச்சரவையிலும் பொறுப்பேற்றவர் அவர். கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் அத்திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம். பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களும் சமூக நலத்துறையின்கீழ் இயங்குகின்றன. தாட்கோ நிறுவனம் 1974 முதல் நம் மக்களின் தொழில் முயற்சிக்குக் கடனுதவி செய்து வருகிறது. வாசல்கள் திறந்தே உள்ளன. ஆனால் இயந்திரத்தை வாங்கி மூலையில் மூடிவைப்பதால் பயனில்லை. முதலில் கை பழக வேண்டும். பழஞ்சட்டை அப்பழக்கத்துக்கு நல்ல பள்ளிக்கூடம். புதுத்துணியை வெட்டக் கை நடுங்கும். வீணானால் மனம் வருந்தும். பழஞ்சட்டை கெட்டுப்போனாலும் அதில் நாம் கற்ற பாடம் மிஞ்சும். மேலும், ஒரு சட்டையைப் பிரிக்கும்போதே அது எவ்வாறு தைக்கப்பட்டது என்பதை அதுவே நமக்குக் கற்பிக்கிறது.

இளைஞர்களே, இது பெண்களுக்குரிய வேலை என்று ஒதுங்காதீர்கள். நகரத்துக் கடைகளில் இவ்வேலையைச் செய்து பொருளீட்டுவோரில் ஆண்களே மிகுதி. வீட்டில் கூலியின்றிச் செய்யும்போது பெண்ணின் வேலை என்றும், கடையில் கூலிக்குச் செய்யும்போது ஆணின் தொழில் என்றும் பிரித்து வைத்திருப்பதும் ஒருவகைச் சாதிமுறையே. அம்மாவின் தோட்டத்துச் சட்டையை மகன் தைத்துக் கொடுக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பழையதைத் திருத்தி உடுத்துவதை நாம் ஒரு வழியாகச் சொல்கிறோம்; விதியாகச் சொல்லவில்லை. திருநாளில் புத்தாடை நம் பிள்ளைகளின் உரிமை. அதை எவரும் சிக்கனத்தின் பெயரால் பறிக்கக் கூடாது. மேலும், உழைத்தவர்க்குக் கூலிக்குப் பதிலாகவோ கூலியோடு சலுகையாகவோ பழந்துணி தருவார் எவராயினும், பணிவோடும் உறுதியோடும் மறுத்துவிடுங்கள். கூலியைப் பணமாகப் பெறுங்கள். 1999 முதல் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் நகரத்துப் பழந்துணிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. அவர்களும் துணியைத் தருமமாக வீசுவதில்லை. குளம் வெட்டுதல், பாதை அமைத்தல் முதலிய பொதுவேலைகளில் மக்கள் தந்த உழைப்புக்கு ஈடாகவே மதிப்போடு வழங்குகின்றனர். கொடுப்போர்க்கே அந்த எண்ணம் வந்திருக்கும்போது, பெறுவோராகிய நாம் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை.

இறுதியாக, இவ்வெள்ளி விழாவை ஒட்டிக் கழகத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மாலை வகுப்பு நடக்கும் அறையின் ஒரு மூலையில் ஒரு தையல் இயந்திரமும் ஒரு நீண்ட மேசையும் போடுங்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் போதும். கற்றவர் ஒருவர் இருவர்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும். முதல் மாதம் பள்ளிச் சீருடைகளைத் திருத்துவோம். இரண்டாம் மாதம் தோட்டத்துக்குப் போகும் தாய்மாரின் சட்டைகளை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் சந்தையில் வாங்கிய சட்டைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குத் தைப்போம். பள்ளிப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளை ஒருவன் அளவு நாடாவின் முன் கணக்கில் தேறுவதை அப்போது நீங்கள் காண்பீர்கள்.

நம் உடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் பிறர் முடிவு செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் அளவு சொன்னார்கள். இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது என்று மற்றோர் அளவு சொன்னார்கள். அவ்வளவுகள் எல்லாம் ஒழிந்தன. இனி அளப்பது நம் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டிலுள்ள பெரிய சட்டை ஒன்றைத் துவைத்து உலர்த்தி எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கு வாருங்கள். கத்தரிக்கோலுடன் நாம் காத்திருப்போம்.